மணல் கலந்த பாண்

ஒஸ்லோ நகரத்து ஓரத்தில், புருசெத்தில், எங்கள் தமிழ்ச்சனம் சிலர் இன்றைக்கும் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். புதிதாக வருபவர்கள் அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். அடக்கமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எங்கள் தொடர்மாடியில் இரண்டாயிரங்களில் குடியிருந்த ஒரு மனிதருக்குப் பயந்து வந்த பழக்கம் அது.

அவர் பல் செய்கிறவர். பல் வைத்தியர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து நகரத்துக்குள் ஒரு பட்டறையில் இவர் பல் செய்து கொடுப்பார். வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்கு வந்த பிறகும் கண் மட்டும் வேலையை விடாது. கலியாணப் பந்தியில் எதிரே வந்து இருந்தாரென்றால் சனத்துக்குச் சோறு இறங்காது. "இடப்பக்கத்தாலை மட்டும்தான் சாப்பிடுறியள். வலப்பக்கம் உங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்பார். குரலில் நக்கல் துளியும் இருக்காது. காய்ச்சல்காரரிடம் சுகம் கேட்பதுபோல்தான் கேட்பார். ஆனாலும் நாலு பேர் முன்னால் யார் வாயைத் திறந்து காட்டுவது?

எனக்கு அவர் அறிமுகமானது பழைய எகிப்தில் வைத்து. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தேன். மொழி நாக்கில் புரள வேண்டுமென்றால் நொர்வேஜியரோடு போய் இரு என்று என் மேலதிகாரி நச்சரித்தபடி இருந்தாள். ட்வெய்ட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடந்தன. தையலுக்குப் பெயர் கொடுக்கப் போனேன், நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தவை தேனீ வளர்ப்பும் எகிப்திய நாகரிகத்தின் தொடக்க காலமும். தேனீ கொட்டும் என்ற ஒரே காரணத்துக்காக எகிப்துக்குப் போனேன்.

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற நொர்வேஜியர்கள். முன்வரிசையில் ஒரு தமிழ் முகம். ஆசிரியை நரைத்த கொண்டையில் பென்சிலைக் குத்தி வைத்திருக்கும் ஒரு அம்மையார். நாங்களெல்லாம் பிரமிட்டையும் தங்க முகமூடியையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதற்கெல்லாம் முந்திய காலத்திலிருந்து தொடங்கினார். திரையில் மணலில் தோண்டிய ஒரு குழி. அதற்குள் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், நித்திரை கொள்ளும் பிள்ளைபோல ஒரு எலும்புக்கூடு. தலைமாட்டில் வாய் மட்டும் கறுத்த சிவப்புப் பானைகள். மீன் வடிவத்தில் செதுக்கிய ஒரு தட்டைக் கல், கண்ணுக்கு மை அரைப்பதற்கு. போகிறவருக்கு வழியில் பசிக்கும் என்று பானைகளில் தானியம் வைத்தார்கள், அழகு குறையக்கூடாதென்று மைக்கல்லும் வைத்தார்கள் என்றார் ஆசிரியை.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஊ தென்னனே?"

பற்கள் எப்படி என்று கேட்கிறார். ஆசிரியைக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து போய்த் திரையில் மண்டையோட்டின் தாடையைத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டார். அடுத்த கிழமையும் கேட்டார். நாலாவது கிழமைக்குப் பிறகு ஆசிரியை ஒரு படத்தைப் போட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பார், முழு வகுப்பும் ஒன்றாக "ஊ தென்னனே?" என்று சொல்லிச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் பதில் வரும்வரை உட்கார மாட்டார்.

முதல் நாள் இடைவேளையில் கோப்பியும் வாஃபலும் வைத்தார்கள். நான் ஒரு துண்டைக் கடித்தேனோ இல்லையோ, பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

"ஓம். நீங்கள்?"

"திருகோணமலைப் பக்கம். வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லு எத்தினை நாளா நோகுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாஃபலை அவருடைய முகத்தில் எறிந்திருப்பேன். முன்பின் பழகாத ஆம்பிளை, பெண்பிள்ளையின் வாயைப் பார்த்துக் கதைக்கிற கதையா இது? வீட்டில் போய் என் கணவரிடம் சொல்லிக் குமுறினேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நோகுதோ இல்லையோ?" என்று கேட்டார். நொந்தது. அடுத்த கிழமை வைத்தியரிடம் போனேன். வேர் பழுதாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்கு அண்ணை ஆகிவிட்டார்.

பாணைப் பற்றிய வகுப்பை நான் மறக்க மாட்டேன். அந்தக் காலத்து எகிப்தியருக்கு மாவைக் குழைத்துச் சுட்ட பாண்தான் சாப்பாடு, பாண்தான் கூலி, செத்த பிறகும் பாண்தான். கற்பலகையில் செதுக்கிய ஒரு படம் காட்டினார்கள். செத்தவர் நாற்காலியில் இருக்கிறார். முன்னால் ஒரு மேசை. அதன்மேல் நெட்டுக்கு வெட்டிய பாண் துண்டுகளை வேலிக் கதிகால்போல வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. வரையாத சாப்பாடு போய்ச் சேராது என்பது அவர்களுடைய நம்பிக்கையாம். அடுத்த படத்தில் ஒரு பெண் முழங்காலில் நின்று கல்லில் தானியம் அரைக்கிறாள். அரைக்கும்போது கல்லும் சேர்ந்து தேயும், பாலைவனத்துக் காற்றும் தன் பங்குக்கு மணலைக் கொண்டுவந்து போடும். பாணோடு மணலும் வயிற்றுக்குள் போகும். நாற்பது வயதுக்குள் பல்லெல்லாம் நரம்பு தெரிய மட்டமாகத் தேய்ந்துவிடும். அரசனுக்கும் அப்படித்தான், அடிமைக்கும் அப்படித்தான்.

அப்படித் தேய்ந்த ஒரு தாடையின் படத்தைப் பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார். "இது நோய் வருத்தமில்லை தங்கச்சி. பல்லுத் தேஞ்சிருக்குதெண்டால் அந்த மனிசன் சாப்பிட்டிருக்கிறான் எண்டு அர்த்தம். தேயாத பல்லைக் கண்டால்தான் எனக்குப் பயம்."

பொய்ப்பல் என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. "சாப்பிடுற பல்லு எப்பிடிப் பொய்யாகும்?" என்று சண்டைக்கு வருவார். வேறு எதற்கும் அவர் சண்டைக்கு வந்ததில்லை. எண்பதுகளில் வடக்கு நொர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். அங்கேயும் மீனை வெட்டுவதற்கு முன் அதன் வாயைத் திறந்து பார்ப்பாராம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மையோ கட்டுக்கதையோ தெரியாது.

பிறகு வந்தது அந்தச் சாப்பாட்டு வகுப்பு. பிரமிட்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறை. அதில் வயதான ஒரு பெண். அவளுடைய பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், ஒரு முழு விருந்து படைத்திருந்தார்கள். மண் தட்டுகளிலும் கல் கிண்ணங்களிலும் வைத்தபடி வைத்தபடியே இருந்தது. முக்கோணப் பாண், வாற்கோதுமைக் கஞ்சி, சுத்தம் செய்து சமைத்த மீன், புறாக் கறி, காடை, இரண்டு சிறுநீரகம், மாட்டு விலா எலும்பும் கால் இறைச்சியும், அவித்த அத்திப்பழம், பாற்கட்டி. ஐயாயிரம் வருடம் கழித்துத் திறந்தபோது, பந்தியில் போட்டுவிட்டு அழைக்கப் போனவர்கள் திரும்பி வராத மாதிரிக் கிடந்ததாம்.

ஆசிரியை அவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்றைக்கு நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அந்தப் பெண்ணின் தாடையில் ஒரு குறை இருந்திருக்கிறது. பல வருடங்களாக அவள் ஒரு பக்கத்தால் மட்டுமே மென்றிருக்கிறாள்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "அப்படியானால் விலா எலும்பை யார் வைத்தது?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார். ஆசிரியை, அது வழக்கம், பெரிய இடத்துப் பெண்ணுக்கு இன்ன இன்ன வைக்க வேண்டும் என்ற முறை இருந்திருக்கும் என்றார். அண்ணைக்கு மொழி போதவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கொட்டினார். "அந்த மனிசியோடை ஒரு நாள் கூட இருந்து சாப்பிட்ட ஆள் அதை வைச்சிருக்காது. பக்கத்திலை இருந்த ஒருத்தருக்கும் தெரியேல்லையோ, அவ என்னெண்டு சாப்பிடுறா எண்டு? கேட்டுச் சொல்லுங்கோ." நான் என்னால் முடிந்தபடி சொன்னேன்.

ஆசிரியை கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். "அங்கே போனதும் உடம்பு குறையில்லாமல் முழுசாகிவிடும் என்று நம்பியிருக்கலாம்" என்றார்.

"அப்ப பல்லையும் செய்து வைச்சிருக்கலாம்" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ரயிலில் வரும்போதுதான் தன் தாயைப் பற்றிச் சொன்னார். ஊரில் தனியே இருக்கிறா, பல் எல்லாம் இளவயதிலேயே போய்விட்டது. கொஞ்சப் பல் மிஞ்சியிருந்த காலத்தில் இடப்பக்கத்தால்தான் மெல்லுவா. கடலை வடை என்றால் உயிர், நல்ல மொறுமொறுவென்று இருக்க வேண்டும். இப்போது எல்லாவற்றையும் பாலில் ஊறவைத்து விழுங்குகிறா. "ஊருலகத்துக்கெல்லாம் பல்லுச் செய்யிறன் தங்கச்சி. பெத்தவ பல்லில்லாத வெறும் முரசாலை சாப்பிடுறா."

அது சமாதான காலம். பாதை திறந்திருந்தது. அந்தக் கோடையில் அச்சுமாவையும் மெழுகையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். தாயைக் கதிரையில் இருத்தி, தானே வாயில் அச்செடுத்தார். "என்னடா தம்பி, சீமெந்து குழைச்சு வைக்கிறாய்?" என்று மனுசி கத்தினாவாம். ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, அந்த அச்சில் சுண்ணம் வார்த்து, மேலும் கீழும் இரண்டு வரிசைப் பல் செய்தார். இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். வாயில் போட்டுப் பார்த்துத் திருத்த வழியில்லை, முதல் தடவையே பொருந்த வேண்டும். ஊருக்குப் போன ஒருவரிடம் பொதியைக் கொடுத்தனுப்பினார்.

தாயின் தாடையைச் சுண்ணத்தில் வார்த்தது அவர் வீட்டுக் காட்சிப் பெட்டியில் இருந்தது. மற்றவர்கள் வீட்டில் கலியாணப் படமும் பிள்ளைகளின் பரிசுக் கிண்ணங்களும் இருக்கும் இடத்தில், இங்கே பல்லில்லாத ஒரு வெள்ளை முரசு. மனைவி நல்ல பொறுமைசாலி. அவவே என்னிடம், "ஆக்கள் வந்தால் நான் துணியாலை மூடிவிடுறனான். பிள்ளையள் பயப்பிடுதுகள்" என்று சொல்லியிருக்கிறா. எனக்கு ஆசிரியை சொன்ன ஒன்று ஞாபகம் வரும். எகிப்தியர் செத்தவருக்குச் சிலை செய்து வைத்தது அழகுக்காக இல்லை. படைத்த சாப்பாட்டை எடுக்க வருகிற உயிர் வந்து தங்குவதற்கு ஒரு உடம்பு வேண்டுமே, அதற்காக.

பல் போய்ச் சேர்ந்தது. பொருந்தியதா என்பதுதான் கேள்வி. தொலைபேசி எடுப்பார்.

"அம்மா, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் தம்பி, சாப்பிட்டிட்டன்."

"எந்தப் பல்லாலை?"

"நீ செய்து தந்த பல்லாலைதான்."

அவர் நம்பவில்லை. மகன் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறா என்று நினைத்தார். ஊருக்குப் போய் வந்த ஒருவர், அந்தப் பல் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் தண்ணீரில் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், கவனிக்கவில்லை என்றார். வேறொருவர் படம் எடுத்து வந்து கொடுத்தார். மனுசி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றா. அந்தப் படத்தை அவர் பட்டறைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். உதடு உள்ளே போயிருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்று என்னிடமும் காட்டிக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "போட்டிருக்கிறா அண்ணை" என்றேன். "உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியேல்லை தங்கச்சி" என்றார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. அவருடைய ஊர்ச்சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியது. தாயும் ஓடினா. முகாம் மாறி முகாம். எப்போதாவது யாருடைய தொலைபேசியிலோ குரல் வரும். "சாப்பிட்டிட்டன் தம்பி" என்பதற்குமேல் பேச நேரம் இருக்காது. நிவாரண அரிசி கல்லும் மண்ணுமாய் வருகிறதென்று செய்தியில் கேட்டோம். ஓடுகிற ஓட்டத்தில் மனுசி பல்லையா எடுத்துக்கொண்டு ஓடியிருப்பா என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார். பேச்சுக் குறைந்தது. பந்தியில் எதிரே வந்து இருந்தாலும் யாருடைய வாயையும் பார்க்க மாட்டார். சனத்துக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. "அண்ணை, என்ரை பல்லு எப்பிடி?" என்று வலியப் போய்க் கேட்டவர்களும் உண்டு.

ஒரு மார்ச் மாதம், பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தபோது, தாய் போன செய்தி வந்தது. முகாமில்தான். போக வழியில்லை. கடைசி நாட்களில் கூட இருந்தவர்கள் யாரென்றும் தெரியவில்லை, அவர்களும் சிதறிப் போயிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு என்னைக் கூப்பிட்டார். என் முதியோர் இல்லத்தில் பல்லில்லாதவர்களுக்கு எப்படிச் சமைப்பேனோ அப்படிச் சமைத்துத் தரும்படி கேட்டார். சோறு குழைய வேண்டும். மரக்கறி ஒவ்வொன்றும் தனித்தனியாக மசிய வேண்டும். வடை வேண்டாம்.

"வடையில்லாமல் என்ன படையல்?" என்று உறவுக்காரர் ஒருவர் குரலை உயர்த்தினார். "அவவுக்கு உயிரெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"அதாலைதான் வேண்டாமெண்டுறன். கடிக்கேலாத ஆளுக்கு முன்னாலை வடையை வைச்சுப் பார்த்துக்கொண்டு நிக்கவோ?"

தலைவாழையிலையில் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாகக் குழைந்த உருண்டைகளை வைத்தோம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படையலை மிக்சியில் அடித்து வைத்த வீடு என்று பிறகு கதை பரவியது. அவர் எதையும் காதில் போடவில்லை. இலைக்கு முன்னால் சுண்ணத் தாடையை வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். அந்த நேரத்தில் அவர் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வருடத்துக்குமேல் போயிற்று. ஞாயிறு ஒன்று, காலை பத்து மணி இருக்கும். அவருடைய மனைவி தொலைபேசியில் கூப்பிட்டா. "ஒருக்கா வாறீரோ? ஊரிலையிருந்து ஒரு பொதி வந்தது. மூன்று நாளாத் திறக்காமல் வைச்சிருக்கிறார். நீர் வந்தால் திறக்கலாமாம்."

போனேன். மேசையில் ஒரு சின்னத் துணிப்பொதி. கை மாறிக் கை மாறி வந்தது. கொண்டுவந்தவருக்குத் தாயை யாரென்றே தெரியாது. அவர் மேசை விளக்கைப் போட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவர் செய்த பல், இரண்டு வரிசையும் இருந்தன. கீழ் வரிசையின் ஓரத்தில் சின்ன வெடிப்பு ஒன்றும் இருந்தது.

முதலில் முன்பற்களைப் பார்த்தார். வெளிப்பக்கம் கீறல் கீறலாக மங்கியிருந்தது. "உமிக்கரி போட்டு விளக்கியிருக்கிறா" என்றார், தனக்குத்தானே. பிறகு வலப்பக்கக் கடைவாயைத் திருப்பினார். அரம் போட்டு அவர் செதுக்கிய மேடும் பள்ளமும் அப்படியே கூராக இருந்தன. புதுப் பல். தேயாத பல்லைக் கண்டால்தான் பயம் என்று சொன்ன மனிதர் அவர். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா.

இடப்பக்கம் திருப்பினார்.

நாலு கடைவாய்ப் பல்லும் மட்டமாகத் தேய்ந்து, ஆற்றுக்கல்போல மினுங்கிக்கொண்டிருந்தன. மேல் வரிசையும் அப்படி, கீழ் வரிசையும் அப்படி. தேய்ந்த இடத்தில் கல் அரிசி இழுத்த கோடுகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக ஓடின. நான்கூட வெறுங்கண்ணால் பார்த்தேன்.

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சாப்பிட்டிருக்கிறா."

அதற்குப் பிறகு அழுதார். பிள்ளை அழுவதுபோல, முகத்தை மறைக்காமல் அழுதார். அழுகைக்கு நடுவில் திடீரென்று நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "கடிக்கக்கூடிய மனிசிக்கல்லோ நான் களி வைச்சனான்! கடலைப்பருப்பு கிடக்குதோ? ஊறப் போடும்."

பருப்பு ஊறும்வரை மூன்று பேரும் வெங்காயமும் மிளகாயும் வெட்டினோம். மத்தியானம் வடை சுட்டோம், அவர் சொன்னபடி, கரகரவென்று, ஓரம் சிவக்க. சுண்ணத் தாடையில் தேய்ந்த பல்லை அவர் பொருத்தினார். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அதற்கு முன்னால் இலையைப் போட்டு, இலையின் இடப்பக்கத்தில் வடைகளை ஒன்றை ஒன்று மறைக்காமல் நிறுத்தி வைத்தார். விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் கல்லறைப் பெண்ணின் விலா எலும்பு என் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவர் அவளுக்கும் நம்பிக்கையோடுதான் வைத்திருப்பார் என்று முதன்முறையாகத் தோன்றியது.

படைத்து முடிய எனக்கு ஒன்றும் மனைவிக்கு ஒன்றும் தந்துவிட்டு, அவரும் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். அவர் சாப்பிடுவதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை யார் பார்த்தது? அன்றைக்குப் பார்த்தேன். வாய் நிறையப் பழுதில்லாத பற்கள் அவருக்கு. ஆனாலும் அந்த வடையை அவர் முழுக்க முழுக்க இடப்பக்கத்தால்தான் மென்றார்.